ஒரு மிடறு காற்று: பால் அலெக்சாண்டர் நிகழ்வு ஆய்வு

கடுமையான நிமோனியாவோ கோவிட்டோ வந்து, ஐசியுவில் வாரக்கணக்கில் கிடந்து, பிழைத்து வீடு திரும்பியவர்களோடு வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். அவர்களில் பலரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். ஊதிப் பார்த்த டெஸ்ட்டின் ரிப்போர்ட்டை நீட்டி, "நுரையீரல் நல்லாயிருக்குன்னு போட்டிருக்காங்க. அப்புறம் ஏன் குளிச்சிட்டு வந்தா அரை மணி நேரம் படுக்க வேண்டியிருக்கு?" என்பார்கள்.

அந்தக் கேள்வியோடு போராடும்போதெல்லாம் நான் திரும்பத் திரும்பப் போய்ப் படிப்பது இதற்கு நேர் எதிரான ஒருவருடைய வாழ்க்கையை. அவரை எந்த வயதில் ஊதச் சொல்லியிருந்தாலும் ரிப்போர்ட் நன்றாக வந்திருக்காது. ஆனால் வாழ்க்கை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டல்லாஸில் வாழ்ந்த வழக்கறிஞர் பால் அலெக்சாண்டர். ஆறு வயதில் போலியோ. அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் மேலாக இரும்பு நுரையீரல் என்னும் இயந்திரத்தின் துணையோடு வாழ்ந்து, 2024இல் 78 வயதில் இறந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் தன் வாழ்க்கையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லியிருப்பவற்றை வைத்தே எழுதுகிறேன். மருத்துவ விளக்கமும் கருத்துகளும் என்னுடையவை.

நோய் வந்த விதம்

1952 அமெரிக்காவில் போலியோவின் மிக மோசமான ஆண்டு. ஏறத்தாழ 58,000 பேருக்கு நோய் கண்டது. 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தடுப்பூசி வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அந்தக் கோடையில் ஒரு நாள், வெளியே விளையாடிக்கொண்டிருந்த சிறுவன் பால் காய்ச்சலும் கழுத்து வலியுமாக வீட்டுக்குள் வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மருத்துவமனைகள் நிரம்பி வழிகின்றன, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதுதான் நல்லது என்றார் குடும்ப மருத்துவர். சில நாட்களுக்குள் கிரேயானைப் பிடிக்க முடியவில்லை. அப்புறம் இருமவோ விழுங்கவோ பேசவோ முடியவில்லை.

பார்க்லண்ட் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முதலில் பார்த்த மருத்துவர் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். பிள்ளையை நடைபாதையில் ஒரு ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். அந்த வழியாக வந்த இன்னொரு மருத்துவர் அவனை அப்படியே அறுவை அரங்குக்குக் கொண்டுபோய், தொண்டையில் துளையிட்டு, நெஞ்சில் தேங்கியிருந்த சளியை உறிஞ்சி எடுத்தார். மூன்று நாள் கழித்து பால் கண் விழித்தபோது கழுத்துக்குக் கீழே உடல் முழுவதும் ஓர் உலோக உருளைக்குள் இருந்தது. சுற்றிலும் அதே போன்ற உருளைகளில் வேறு பிள்ளைகள்.

நம் ஊரில் இளம்பிள்ளை வாதம் என்றால் கால் சூம்பிப்போன பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். அந்த நோய் மூச்சையும் நிறுத்தும் என்பது பலருக்குத் தெரியாது. மூச்சுத் தசைகள் போன பிள்ளைகளில் பெரும்பாலோர் நம் கண்ணில் படும் அளவுக்கு வாழ்ந்திருக்க வாய்ப்பில்லை, அதனால்தான் அப்படி என்று நினைக்கிறேன்.

உண்மையில் அவனுடைய நுரையீரலுக்கு என்ன ஆனது? நேரடியாக ஒன்றும் ஆகவில்லை. இந்த நிகழ்வில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். தோல் கிழியவில்லை, அதை இழுத்து விடும் கை போய்விட்டது. தண்டுவடத்தின் முன்பகுதியில் தசைகளுக்கு உத்தரவு அனுப்பும் நரம்பு செல்களைப் போலியோ வைரஸ் அழிக்கிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்துப் பகுதியில் புறப்படுகிறது. விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகளுக்கான நரம்புகள் அதற்குக் கீழே. இரண்டும் போனால் நெஞ்சு விரியாது. அதோடு பாலுக்குத் தொண்டைத் தசைகளும் அந்த முதல் நாட்களில் செயலிழந்திருந்தன. அதனால்தான் விழுங்க முடியாமல் சளி தேங்கியது. கோவிட், நிமோனியா போன்றவற்றில் நடப்பது வேறு. அங்கே கை இருக்கும், துருத்தியின் தோலே ஊறி விறைத்துப்போயிருக்கும். என் நோயாளிகளுக்கும் பாலுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது.

இரும்புக்குள்

இரும்பு நுரையீரலை 1928இல் ஹார்வர்டில் பிலிப் டிரிங்கரும் லூயிஸ் அகாசிஸ் ஷாவும் உருவாக்கினார்கள். 1931இல் ஜான் எமர்சன் அதை எளிமையாகவும் மலிவாகவும் மாற்றினார். காற்றுப் புகாத உருளை, கழுத்தைச் சுற்றி ரப்பர் பட்டை, தலை மட்டும் வெளியே. மோட்டாரில் ஓடும் துருத்தி உருளைக்குள் இருக்கும் காற்றை இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது, நெஞ்சு விரிகிறது, மூக்கு வழியே காற்று தானாக உள்ளே வருகிறது. அழுத்தம் ஏறும்போது மூச்சு வெளியே போகிறது. இன்றைய வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளுகிறது. இது இயற்கை மூச்சைப் போலவே இழுக்கிறது. மின்சாரம் போனால் கையால் இயக்கலாம்.

அந்த வார்டில் பால் 18 மாதங்கள் இருந்தான். தொண்டைத் துளையால் முதலில் பேசவும் வழியில்லை. பக்கத்துப் பிள்ளைகளோடு முகபாவனையில் நட்பு வைப்பான். அவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோனதை நினைவு வைத்திருந்தார் பெரியவரான பால். மருத்துவர்கள் அவனை வீட்டுக்கு அனுப்பியது குணமானதால் அல்ல. வாழ மாட்டான், வீட்டிலாவது இருக்கட்டும் என்றுதான். பெற்றோர் ஒரு ஜெனரேட்டரையும் லாரியையும் வாடகைக்கு எடுத்து, இயந்திரம் நிற்காமல் ஓட, மகனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

தவளை மூச்சு

இந்த நிகழ்வின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

மருத்துவமனையில் இருந்த காலத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நீயே மூச்சு விடு என்று அவனைக் கட்டாயப்படுத்தியிருக்கிறார்கள். உடல் நீலம் பாய்ந்து மயங்கிப்போவான். இயந்திரத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்ததாகவே இருக்கலாம். ஆனால் வேலை செய்யும் தசையே இல்லாத ஒரு பிள்ளையிடம் தசையால் மூச்சு விடச் சொல்வதில் என்ன பயன்? அந்தப் பிள்ளை அதில் கற்றுக்கொண்டது பயத்தை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் வாரம் இரண்டு முறை வந்து பார்க்கத் தொடங்கினார். அந்தப் பயத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்ட அவர், பாலிடம் ஒரு பேரம் பேசினார். இயந்திரம் இல்லாமல் மூன்று நிமிடம் மூச்சு விட்டுக் காட்டினால் ஒரு நாய்க்குட்டி வாங்கித் தருகிறேன்.

அவன் கற்றுக்கொண்ட முறைக்குத் தவளை மூச்சு என்று பெயர். போலியோ நோயாளிகள் சிலர் தாமாகவே இதைக் கண்டுபிடித்துச் செய்துகொண்டிருந்தார்கள். கலிபோர்னியாவில் கிளாரன்ஸ் டெயில் என்ற மருத்துவர் அதைக் கவனித்து 1951இல் எழுதினார். வாயைத் திறந்து கொஞ்சம் காற்றை வாங்க வேண்டும். உதட்டை மூடி, நாக்கைப் பின்னுக்குத் தள்ளி, அந்தக் காற்றைத் தொண்டை வழியே மூச்சுக்குழாய்க்குள் அழுத்த வேண்டும். உடனே குரல்வளையை மூடி, போன காற்று திரும்பாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அடுத்த மிடறு. அப்புறம் அடுத்தது. ஒரு மிடறில் போவது 60 முதல் 100 மில்லி வரை. பத்துப் பன்னிரண்டு மிடறு சேர்ந்தால் ஒரு மூச்சு. பிறகு குரல்வளையைத் திறந்தால் காற்று தானாக வெளியேறும். திரும்பவும் முதலிலிருந்து. மூன்று நிமிடம் என்றால் நூற்றுக்கும் மேற்பட்ட மிடறுகள். ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டும். நினைப்பு நின்றால் மூச்சும் நிற்கும்.

இதைப் படிப்பவர்கள் சும்மா ஒருமுறை செய்து பாருங்கள். காற்றை விழுங்கினால் அது வயிற்றுக்குத்தான் போகும். நுரையீரலுக்குத் திருப்பிவிடுவது எவ்வளவு நுட்பமான வேலை என்று அப்போது புரியும். பால் இதைக் கைக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆனது. மூன்று நிமிடத்தை எட்டினான். நாய்க்குட்டி வந்தது.

ஒரு பிசியோதெரபிஸ்டாக அந்தப் பெண்மணி செய்ததை எண்ணி எண்ணி வியக்கிறேன். செத்துப்போன தசையோடு அவர் மல்லுக்கு நிற்கவில்லை. உடம்பில் எது மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தார். ஆரம்பத்தில் செயலிழந்த தொண்டைத் தசைகள் பாலுக்கு மெல்ல மெல்லத் திரும்பியிருந்தன. அவன் விழுங்கினான், பேசினான். நாக்கும் அண்ணமும் குரல்வளையும் வேலை செய்தால்தான் தவளை மூச்சு சாத்தியம். ஆகவே இருந்ததை வைத்து இல்லாததை ஈடுகட்டினார். அடுத்தது, அளவு. தானாக மூச்சு விட வேண்டும் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கு மலை. மூன்று நிமிடம் என்பது கடிகாரத்தில் பார்க்கக்கூடியது. இன்றைக்கு நாற்பது விநாடி, நாளைக்கு நாற்பத்தைந்து என்று ஏறக்கூடியது. கடைசியாக, நாய்க்குட்டி. அதைப் பரிசு என்று மட்டும் நான் பார்க்கவில்லை. மருத்துவர்கள் விரும்பியது இயந்திரத்திலிருந்து விடுதலை. பையன் விரும்பியது நாய்க்குட்டி. அவன் விரும்பியதைக் கொண்டு இலக்கை வைத்தார் அவர்.

மூன்று நிமிடத்துக்குப் பிறகு

மூன்று நிமிடம் மெல்ல மணிக்கணக்கானது. முதலில் வீட்டு முன்வாசல், பிறகு முற்றம், பிறகு நண்பர்கள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும் தெரு. இரவில் மட்டும் இயந்திரத்துக்குத் திரும்பியாக வேண்டும். தூக்கத்தில் தவளை மூச்சு விட முடியாது.

வீட்டிலிருந்தே படித்தார். கையால் குறிப்பெடுக்க முடியாததால் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தார். 1967இல், 21 வயதில், வகுப்பறைக்கே போகாமல் டல்லாஸில் உயர்நிலைப் பள்ளி முடித்த முதல் மாணவரானார். சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் முதலில் மறுத்தது. விடாமல் கேட்டுச் சேர்ந்தார். பின்னர் ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். இரும்பு நுரையீரலும் விடுதி அறைக்குக் கூடவே போனது. 1984இல் சட்டப் பட்டம் பெற்று, பின்னர் வழக்கறிஞர் தேர்விலும் தேறினார். கோட்டும் டையும் அணிந்து, உடலை நிமிர்த்திப் பிடிக்கும் சக்கர நாற்காலியில் நீதிமன்றம் போனார். விமானத்தில் பறந்தார், கடலைப் பார்த்தார், காதலித்தார், மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராட்டத்தில் உட்கார்ந்தார். வாயில் கவ்விய குச்சியால் விசைகளைத் தட்டித் தன்வரலாற்றையும் எழுதினார். அது 2020இல் வந்தது.

இத்தனைக்கும் அவருடைய உதரவிதானம் மீண்டதாகவோ விலாத் தசைகள் மீண்டதாகவோ எந்தத் தகவலும் இல்லை. கூடியது நேரம் மட்டும்தான். இயந்திரம் இல்லாமல் இருக்கக்கூடிய நேரம்.

டொராண்டோவின் எண்கள்

இப்போது என் நோயாளிகளின் கேள்விக்கு வருகிறேன். கடும் நுரையீரல் செயலிழப்பு வந்து பிழைத்த 109 பேரை டொராண்டோவில் மார்கரெட் ஹெரிட்ஜ் குழுவினர் ஓராண்டு பின்தொடர்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள். ஆறு மாதத்திலேயே ஊதும் பரிசோதனை ஏறக்குறைய இயல்பு நிலைக்கு வந்துவிட்டது. ஓராண்டு முடிவில் வீட்டில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர் ஒருவரும் இல்லை. ஆக்சிஜனை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குக் கடத்தும் திறன் மட்டும் எதிர்பார்க்கும் அளவில் 72 சதவீதத்தில் நின்றது. ஆனால் ஆறு நிமிடத்தில் அவர்களால் நடக்க முடிந்தது 422 மீட்டர். அந்த வயதுக்கும் உடல்வாகுக்கும் எதிர்பார்க்கும் தூரத்தில் 66 சதவீதம். வேலைக்குத் திரும்பியவர்கள் பாதிப் பேர். ஐந்து ஆண்டுகள் கழித்தும் தூரம் 436 மீட்டர்தான், 76 சதவீதம்.

அவர்களை நிறுத்தி வைத்தது நுரையீரல் அல்ல, உடம்பு. ஐசியுவிலிருந்து வெளியே வந்தபோது சராசரியாக எடையில் 18 சதவீதத்தை இழந்திருந்தார்கள். தொடையும் தோளும் கரைந்துபோயிருந்தன. பலவீனமான தசை கொஞ்சம் நடந்தாலே தளர்ந்துவிடும். அந்தத் தளர்ச்சியை நோயாளி மூச்சுத்திணறலாக உணர்வார். மூச்சு வாங்கினால் பயம் வரும், பயந்தால் நடப்பது குறையும், நடக்காவிட்டால் தசை இன்னும் கரையும். என் நோயாளிகளில் தினமும் நான் பார்க்கும் சுழல் இதுதான்.

பாலிடம் நுரையீரலை இயக்கும் சக்தி போனது, வாழ்க்கை மீண்டது. டொராண்டோ நோயாளிகளில் பலருக்கு நுரையீரல் மீண்டது, வாழ்க்கை பின்தங்கியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் ஊதும் பரிசோதனையின் எண்ணை மட்டும் வைத்து ஒருவர் குணமாகிவிட்டார் என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. அந்த எண் தேவை. அது இல்லாமல் சிகிச்சை நடக்காது. ஆனால் அதோடு கூடவே தொடையின் பலத்தையும், ஆறு நிமிட நடையையும், வீட்டுக்குள் அவர் எதைச் செய்யாமல் விட்டுவிட்டார் என்பதையும் நான் எழுதிக்கொள்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. தவளை மூச்சு மூச்சுத் தசைகள் முடங்கியவர்களுக்கான நுட்பம். கோவிட்டுக்குப் பிறகோ ஆஸ்துமாவிலோ புகையால் கெட்ட நுரையீரலிலோ அதை வீட்டில் முயல வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது நடை, கால் தசைப் பயிற்சி, மூச்சைச் சீராக்கும் பயிற்சி, நல்ல புரதச்சத்து. இவற்றை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் அளந்து கொடுக்க வேண்டும்.

கஷ்டமான பக்கம்

பாலின் கதையை நோயாளிகளிடம் சொல்லும்போது எனக்கு ஒரு தயக்கம் இருக்கும். அவரே செய்தார், உங்களால் முடியாதா என்று கேட்பதுபோல் ஆகிவிடக் கூடாது. அவர் தனி ஆளாக இதைச் செய்யவில்லை. உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொண்ட பெற்றோர், வீட்டுக்கே வந்த பிசியோதெரபிஸ்ட், வீட்டிலிருந்து படிக்க இடம் கொடுத்த பள்ளி, பல்லாண்டுகள் கூட இருந்த உதவியாளர் என்று எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களில் யாராவது ஒருவர் இல்லாவிட்டாலும் இந்த நிகழ்வு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இயந்திரமும் அவரைச் சோதித்தது. உற்பத்தி எப்போதோ நின்றுபோனதால் உதிரி பாகம் கிடைப்பது கஷ்டமானது. 2015 வாக்கில் அவருடைய உருளையில் காற்றுக் கசிந்தது. உதவி கேட்டு இணையத்தில் வீடியோ போட்ட பிறகுதான் பழுது பார்க்கத் தெரிந்த ஒரு மெக்கானிக் கிடைத்தார்.

உடம்பும் தளர்ந்தது. போலியோவில் தப்பிய நரம்பு செல்கள் செத்தவற்றின் வேலையையும் சேர்த்துச் சுமக்கும். பல பத்தாண்டுகள் அப்படிச் சுமந்தபின் அவை ஓய்ந்துபோவது உண்டு. காரணம் அதுவோ வயதோ, பாலின் கடைசி ஆண்டுகளில் தவளை மூச்சு கைவிட்டது. சிறுவயதில் போலவே இரவும் பகலும் உருளைக்குள். ஆனாலும் அங்கிருந்தபடியே பேட்டி கொடுத்தார், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று உலகத்திடம் பேசினார். 2024 பிப்ரவரியில் கோவிட் வந்து மருத்துவமனையில் சேர்ந்தார். மார்ச் 11ஆம் தேதி இறந்தார்.

நான் மாற்றிக்கொண்டது

இந்த நிகழ்வைப் படித்த பிறகு, புதிதாக வருபவரிடம் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்கிறேன். உடம்பு கொஞ்சம் தேறினால் முதலில் என்ன செய்ய ஆசை? அவர் சொல்வதை அவருடைய சொல்லிலேயே கேஸ் ஷீட்டின் மேலே எழுதி வைக்கிறேன்.

சிலர் வேலைக்குப் போக வேண்டும் என்பார்கள். ஒருவர் பேத்தியைப் பள்ளி வேன் வரை கூட்டிப்போக வேண்டும் என்றார். நிமோனியாவால் 19 நாள் ஐசியுவில் இருந்த ஓர் அம்மா வெகுநேரம் யோசித்துவிட்டு, "மாடில வடகம் காயப்போட்டா நானே ஏறிப்போய் எடுத்துட்டு வரணும் தம்பி. மருமகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போச்சு" என்றார். அவர்கள் வீட்டு மாடிக்கு 18 படி. முதல் வாரம் மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டார். நேற்று பதினோராவது படியில் நின்று, மூச்சைச் சமாளித்துக்கொண்டு, தானே இறங்கி வந்தார்.